முதுகைக் காட்டிச் சாப்பிட்ட உன் மகள்

தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் எனக்குத் தலை வாரிவிட்ட என் அக்காவுக்கு,

அடுத்த வாரம் உன் திதி. வழக்கமாகப் பேப்பரில் உன் படத்தைப் போட்டு, கீழே துக்கமாக நாலு வரி போடுவோம். இந்த முறை என் வீட்டுக்காரி மலர் மறித்துவிட்டாள். "அந்த நாலு வரியத்தான் ஊரே போடுது. அண்ணிக்கு அதுல என்னா தெரியப்போவுது? அவங்க மக என்னா செஞ்சான்னு எழுதுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. படிக்கட்டும்.

நீ போகும்போது நிரோஷா கொட்டகலையில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என் வீட்டில் இருந்தே படித்தாள். கொழும்பில் பல்கலைக்கழகம், ஒரு வங்கியில் கொஞ்ச காலம் வேலை, பிறகு புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாட்டில் வியாபாரப் படிப்பு. வியாபாரத்தைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிப்பார்கள் என்பதே எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் அதை லொறியில் மூட்டை ஏற்றி இறக்கிப் படித்தவன் அல்லவா? "என்னா புள்ள, ஏமாறுறதுக்கும் ஏமாத்துறதுக்கும் ஒரு பள்ளிக்கூடமா?" என்று கேட்டேன். "ஆமா மாமா. நீங்க வாங்கின அடியெல்லாம் அங்க பாடமா வச்சிருக்காங்க" என்றாள்.

திரும்பி வந்து கொழும்பில் ஒரு முதலீட்டு வங்கியில் அசோசியேட்டாகச் சேர்ந்தாள். வங்கி என்றதும் நாம் காசு போட்டு எடுக்கிற இடம் என்று நினைத்துவிடாதே. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்க ஆசைப்படும். அந்தக் கம்பெனி எவ்வளவு பெறும், எங்கே ஓட்டை இருக்கிறது, இன்னும் சில வருசத்தில் ஏறுமா இறங்குமா என்று குடைந்து பார்த்துச் சொல்வது இவர்கள். "அப்ப புரோக்கர் வேல" என்றேன். "புரோக்கர்தான் மாமா. கோட்டுப் போட்ட புரோக்கர்" என்றாள். அவளுக்குக் கோபமே வரவில்லை.

"அசோசியேட்டுன்னா பெரிய ஆளா?" என்று மலர் கேட்டாள்.

"கங்காணி மாதிரி அத்தை. மேல தொரைமாரு திட்டுவாங்க. கீழ சின்னப் பசங்க பிழை விடுவாங்க. ரெண்டுக்கும் நடுவுல நான். கொழுந்துக்குப் பதிலா எண்ணு நிறுக்கிறேன். திங்கக்கிழமை காலையில எங்களுக்கும் பெரட்டு இருக்கு. யார் யாருக்கு எந்த மலைன்னு அங்கதான் பிரிச்சுக் குடுப்பாங்க."

வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் விடியக்காலைப் பனியில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடிய உன் காதில் இது விழுந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய்? கங்காணியிடம் வசவு வாங்கி வாங்கிப் பழகியவள் நீ. உன் மகள் கங்காணி வேலைக்குப் படித்துப் போயிருக்கிறாள், அதுவும் வெளிநாடு போய்.

ஒரு நாள் பகலில் அவளைப் பார்க்க அலுவலகத்துக்கே போனேன். மலர் கட்டிக் கொடுத்த ரொட்டியும் கட்டச் சம்பலும் பையில் இருந்தன. கண்ணாடி அறைக்குள் அவளுடைய மேலதிகாரி அம்மா ஒருவர் தாள் தாளாகச் சிவப்பில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். நிரோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் பார்த்தேன், அந்தத் தாள்களில் சிவப்பு இல்லாத இடம் குறைவு. ஏதோ ஓர் எண்ணில் புள்ளி தள்ளி விழுந்துவிட்டதாம், அது பக்கம் பக்கமாகத் தொற்றிக்கொண்டு போய்விட்டதாம். பிழை விட்டது அவளுக்குக் கீழே இருக்கும் ஒரு பையன். அவன் பெயரை அவள் அந்த அறைக்குள் சொல்லவே இல்லை.

"ஏன் புள்ள சொல்லல?"

"நான் பாத்துட்டுத்தானே மாமா மேல அனுப்பினேன். அப்ப அது என் பிழைதானே?"

நானாக இருந்தால் அந்தப் பையனை அங்கேயே இழுத்து நிறுத்தியிருப்பேன். அவள் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவனுக்குக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்கினாள். எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லையோ, கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. ஆனாலும் முகத்தில் ஒரு சலிப்பு இல்லை, அக்கா. நீ கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மறுபடியும் மலை ஏறுவாயே, அந்த முகம்.

இனி என் கதைக்கு வருகிறேன். ராகலையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வரும் கரட், லீக்ஸ், பீட்ரூட் எல்லாவற்றையும் கழுவித் தரம் பிரித்து, பொதி கட்டிக் கொழும்புக்கு அனுப்பும் என் கொட்டகை உனக்குத் தெரியும். நீ இருந்தபோது அது நாலு தகரமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான். இப்போது குளிர் அறை இருக்கிறது, சொந்த லொறிகள் இருக்கின்றன. தோட்டத்து லயங்களிலிருந்து நம் பெண்கள் நிறையப் பேர் வேலைக்கு வருகிறார்கள். போன வருசம் கொழும்பில் ஒரு பெரிய உணவுக் கம்பெனி அதை வாங்கக் கேட்டு வந்தது. எனக்கும் முட்டி தேய்ந்துவிட்டது. நல்ல விலை வந்தால் கொடுக்கலாம் என்று மனதுக்குள் இருந்தது. அவர்கள் அனுப்பிய தாளில், தங்களுக்கு ஆலோசனை சொல்வது இன்ன வங்கி என்று போட்டிருந்தார்கள். பார்த்தால், நம் நிரோவின் வங்கி!

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாங்குகிறவன் எதுவரை ஏறுவான் என்று தெரிந்துகொண்டு விற்க உட்கார்ந்த வியாபாரி இந்த மலைநாட்டில் யாராவது உண்டா? அந்த யோகம் எனக்கு அடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

உன் போன வருசத் திதிக்கு அவள் வந்தாள். படையல் முடிந்து இலை போட்டு உட்கார்ந்தோம். மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "மாமா, அந்த விசயத்த நான் பேச மாட்டேன்" என்றாள். தன்மையாகத்தான் சொன்னாள்.

"நீ பேச வேணாம் புள்ள. நீ பாட்டுக்குச் சாப்புடு."

உனக்குத் தெரியும், கடைத்தெருவில் எனக்கு என்ன பெயர் என்று. வாய் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவன். என்னிடம் மரக்கறி விற்க வருகிறவர்கள் தொப்பியை இழுத்து மூக்குவரை விட்டுக்கொண்டு வருவார்கள். அந்தத் தைரியத்தில் மலரிடம் பேசுவதுபோல ஒரு விலையைச் சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு நிரோவின் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கை சோற்றிலேயே நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். "மாமா, என் மூஞ்சிய வாசிக்கிறீங்களா?"

அவள் இலையை அப்படியே ஏந்தித் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்!

மலருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இந்தா பாருங்க, சந்தையில எல்லாரும் தொப்பிய இழுத்து விட்டுக்கிறானுங்க. இவ ஆளையே திருப்பிக்கிட்டா."

நான் விடுவேனா? அந்த முதுகைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்றி ஒரு விலை சொன்னேன். முதுகும் சில நேரம் பேசும், அக்கா. தோள் இறுகும், மூச்சு மாறும். ஒன்றும் நடக்கவில்லை. "அத்தை, ரசம் இருந்தா கொஞ்சம்" என்ற குரல்தான் சுவரிலிருந்து திரும்பி வந்தது.

கை கழுவிவிட்டு வந்து ஒரே ஒன்று சொன்னாள். "மாமா, உங்களுக்குன்னு சட்டம் தெரிஞ்ச ஒரு ஆள வச்சுக்கங்க. எங்க ஆபீஸ்ல இருந்து யார் வந்தாலும் அவங்க அந்தக் கம்பெனி ஆளுதான். நான் எந்தப் பக்கமும் இல்ல. என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவளை என் மடியில் வைத்துத்தானே காது குத்தினோம்? ஆசாரி ஊசியை எடுத்தபோது அழாமல் என் விரலைக் கடித்துக்கொண்டாளே. தாய்மாமனுக்கு இல்லாத வார்த்தை யாருக்கு இருக்கிறது? அன்றைக்கு முழுக்க முறுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு ரயிலேறிப் போனாள்.

கொஞ்ச நாளில் அவள் அலுவலகத்திலிருந்து கசுன் என்றொரு சிங்களப் பையன் கொட்டகையைப் பார்க்க வந்தான். நல்ல மாதிரி. என்னை முதலாளி முதலாளி என்று சிங்களத்தில் மரியாதையாகப் பேசினான். குளிர் அறையைப் பார்த்தான், இயந்திரங்களைப் பார்த்தான், எல்லாம் மேலோட்டம். ஆனால் கொட்டகைக்குப் பின்னால் கிடக்கும் சும்மா நிலத்தில் ரொம்ப நேரம் நின்றான். பெரிய கொள்கலன் லொறி நம் வளைவில் திரும்புமா என்று கேட்டான். பின்னேரத்திலும் வேலை வைத்தால் பெண்கள் வருவார்களா என்று கேட்டான். எப்போது கையெழுத்தாகும் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அவ்வளவு போதும் எனக்கு. இவர்கள் ஏற்கெனவே எங்கேயோ பெரிதாக மரக்கறி தருவதாகச் சொல்லிவிட்டார்கள், புதிதாகக் கட்ட நேரம் இல்லை என்று புரிந்தது. அவசரக்காரனிடம் விலை சொல்லும்போது நாக்குக் கூசக்கூடாது. நிரோ சொன்னபடி வைத்துக்கொண்ட சட்டத்தரணியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கம்பெனிக்காரர்களிடம் என் விலையைச் சொன்னேன். இந்த இடத்தில் அந்த விலையை எழுதியிருந்தேன், அக்கா. பேப்பருக்குப் போகும் முன் கடிதத்தைப் படித்துப் பார்த்த உன் மகள் அதை மட்டும் அடித்துவிட்டாள்.

விலையைக் கேட்டதும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேரம் பேசவே இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். நான் மலரிடம் பெருமை அடித்தேன்: "அடிச்சேன் பாரு, ஆணி சரியா எறங்கிருச்சு."

அதற்கு மறுநாள் நிரோ கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "மாமா, கொஞ்ச நாளைக்கு எனக்கு போன் எடுக்காதீங்க. நானே எடுக்கிறேன்."

"ஏன் புள்ள, ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"இல்ல மாமா. வச்சிர்றேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை கூட இல்லை. ஆனால் குரலை வாசிக்கத் தெரிந்தவனுக்கு அது போதாதா? நான் சொன்ன விலை அவர்கள் மனதில் வைத்திருந்த உச்ச விலையிலேயே போய் விழுந்திருக்கிறது. மாமன் இவ்வளவு சரியாகச் சொல்கிறான், மருமகள் அதே அலுவலகத்தில் இருக்கிறாள். வேறு என்ன நினைப்பார்கள்? அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்கள். அந்தத் தொழிலில் வாய் விட்டவள் என்று ஒருதரம் பெயர் கெட்டுப்போனால் கொழும்பில் ஒரு கதவும் திறக்காது. நீ மலை மலையாக ஏறியதும், அவள் கடல் தாண்டிப் படித்ததும் என் ஒரு வாய் வார்த்தையில் போகப் போகிறது. என் கெட்டிக்காரத்தனமே அவளுக்குக் குழி தோண்டிவிட்டது.

"நாளைக்கே போயி வெலையக் கொறச்சிர்றேன். அடிமாட்டு வெலைக்கே குடுத்துர்றேன். கொட்டகை போனாப் போவட்டும்" என்று சட்டையை எடுத்தேன்.

மலர் சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு? இப்பக் கொறச்சா என்னா நெனைப்பான்? மருமக போன் எடுத்தா, மாமன் பயந்து எறங்கிட்டான்னுதானே நெனைப்பான்? சும்மா இருங்க."

"சரி, போயி நான் எப்படிக் கணிச்சேன்னாவது சொல்றேன்."

"வேணாம். நீங்க வாயத் தொறந்தா இன்னும் சந்தேகம் கூடும்."

சும்மா இருந்தேன். வியாபாரிக்குச் சும்மா இருப்பதைப்போல ஒரு தண்டனை உண்டா, அக்கா? கொட்டகையில் கரட் கழுவுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெண்கள் தங்களுக்குள்ளே, "முதலாளிக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று பேசிக்கொண்டார்கள். உன் படத்துக்கு முன்னால் நின்று, உன் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. அவளைத் தள்ளிவிட்டதே நான்தானே?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் எடுத்தாள். "முடிஞ்சிருச்சு மாமா" என்றாள். "வேலையா புள்ள?" என்றேன்.

"இல்ல மாமா. விசாரணை."

நடந்ததை அப்போதுதான் கொஞ்சமாகச் சொன்னாள். என் கொட்டகையின் பெயர் அந்த அலுவலகத்தில் அடிபட்ட முதல் நாளே அவள் மேலதிகாரி அம்மாவிடம் போயிருக்கிறாள். 'இது என் அம்மாவுடைய தம்பி இடம். என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைப் பற்றிய ஒரு தாளும் என் கண்ணில் படாதபடி பூட்டிவிடுங்கள்' என்று எழுதியே கொடுத்திருக்கிறாள். அந்த விலையை அவர்கள் முடிவு செய்ததே அதற்குப் பிறகுதான். விலை இன்னதென்று விசாரணை நடந்தபோதும் அவளுக்குத் தெரியாது. யார் எதைத் திறந்து பார்த்தார்கள் என்பது அங்கே கணினியில் பதிவாகுமாம். தோண்டித் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். அவள் பக்கம் ஒரு தூசி இல்லை. அன்றைக்குச் சிவப்பில் வட்டம் போட்ட அந்த அம்மாவே எல்லாருக்கும் முன்னால் எழுந்து, 'நாம் கதவு இருக்கிறது என்று யோசிப்பதற்கு முன்னாலேயே இந்தப் பிள்ளை வந்து பூட்டச் சொல்லிவிட்டது' என்றாராம்.

அப்படியென்றால் திதியன்றைக்கு நான் வாசிக்கப் பார்த்த முகத்தில் எழுத்தே இல்லை! ஒன்றும் தெரியாதவள் ஏன் முதுகைத் திருப்ப வேண்டும்? அதையும் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லியிருந்தா, அதுவும் உங்களுக்கு ஒரு சேதி மாமா. நீங்க அதுலயிருந்தும் ஒண்ணு எடுப்பீங்க" என்றாள்.

"அது கெடக்கட்டும். மொத நாளே ஏன் புள்ள வெலகின? நான் என்னா வெல சொல்லுவேன்னே அப்பத் தெரியாதே?"

அதற்கு அவள் சொன்னாள்: "நீங்க சரியாத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும் மாமா. சின்னப் புள்ளையிலயிருந்து உங்க லொறியில உக்காந்து பாத்துட்டு வாறேன். நீங்க ஒரு நாளாச்சும் தப்பா கணிச்சிருக்கீங்களா? நீங்க சரியாச் சொல்லுவீங்க, அப்ப எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்கன்னு அன்னைக்கே தெரியும். அதனாலதான் வெலகினேன்."

அக்கா, என்னை எத்தனையோ பேர் கெட்டிக்காரன் என்று சொல்லியிருக்கிறார்கள். பாதிப்பேர் வயிற்றெரிச்சலில் சொன்னார்கள், மீதிப்பேர் ஏதோ காரியம் ஆக வேண்டிச் சொன்னார்கள். என் கெட்டிக்காரத்தனத்தை இவ்வளவு நம்பி, அதற்குத் தகுந்த மாதிரித் தன் காலடியை முன்கூட்டியே எடுத்து வைத்தவள் இவள் ஒருத்திதான். நான் அவளை வாசிக்கப் பார்த்தேன். அவள் என்னை எப்போதோ முழுக்க வாசித்து முடித்துவிட்டாள். போனை வைத்த பிறகும் நான் எழும்பவில்லை. பெரிய மலையை முதல்முறை அண்ணாந்து பார்க்கிறவன்போல உட்கார்ந்திருந்தேன்.

வியாபாரம் முடிந்தது. நான் கேட்ட விலைக்குத்தான். பெண்கள் ஒருவரையும் நிறுத்தக்கூடாது என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட அன்று கசுன் என் காதருகே வந்து சொன்னான்: "முதலாளி, இந்த வேலை உண்மையில் உங்கள் மருமகளுடையது. மலைநாட்டு மரக்கறி வியாபாரத்தில் இறங்கலாம் என்று அந்தக் கம்பெனிக்குச் சொன்னதே அவள்தான். முதன்முதலாகப் பேரம் பேசும் மேசையில் அவளே உட்கார்ந்து பேசியிருப்பாள். நான் லீக்ஸையும் வெங்காயத் தாளையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தவன்."

அதை அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. ஒரு அசோசியேட்டுக்கு முதல் மேசை என்றால் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்காகத்தான் அத்தனை சிவப்பு வட்டங்களையும் வாங்குகிறார்கள். அதை ஒரு நொடியில் எழுந்து இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டில் ரசம் கேட்டிருக்கிறாள். இந்த நெஞ்சு யாருடையது? உன்னுடையதா?

போன மாதம் வந்தாள். மலர் இலை போட்டாள். நிரோ எனக்கு நேர் எதிரே சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். முகத்தை நன்றாக நிமிர்த்தி, "எல்லாம் முடிஞ்சுது மாமா. இப்ப வாசிங்க. என்னா வேணும்னாலும் கேளுங்க" என்றாள்.

கேட்க எவ்வளவோ இருந்தது. விசாரணை அறையில் தனியாக இருந்தபோது பயந்தாயா? அந்த மேசை போனதற்கு எங்கேயாவது மறைவாக அழுதாயா? முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காது குத்தியபோது நான் போட்ட சின்னத் தோடு காதில் இன்னும் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடவா புள்ள?" என்றேன்.

வரும் திதிக்கும் அவள் வருகிறாள், அக்கா. அன்றைக்கு வியாபாரப் பேச்சு நம் வீட்டு வாசலுக்கு வெளியே நிற்கும். இனி அவள் முகத்தில் பசி இருக்கிறதா, தூக்கம் இருக்கிறதா என்பதற்கு மேல் எதையும் வாசிக்க மாட்டேன். இது உன் இலைக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு. இதில் பேரம் கிடையாது.

உன் பின்னாலேயே ஓடி வந்த தம்பி,
உன் மகளைப் பெருமையோடு மடியில் ஏந்திய தாய்மாமன்.